கப்பல்ல எங்கீங்க தண்டவாளம்?

பனியன்_கம்பெனி:
நேத்து வேற இழையில வணிகவியல் வாத்தியார் சார் எழுதுனது: "பி.காம். மூன்றாமாண்டு பன்னாட்டு வணிகத்துக்கு இந்த ஒரு புத்தகம் போதும், வேறு எதையும் தொட வேண்டாம்." படிச்சதும் வயிறு எரிஞ்சு போச்சுங்க. எம் பையன்கிட்ட இருக்கறதும் அதே தமிழ்வழிப் புத்தகந்தான். 212ஆம் பக்கம், எஃப்.ஓ.பி. (சரக்கைக் கப்பல்ல ஏத்தற வரைக்கும் விக்கறவன் பொறுப்புங்கற ஏற்றுமதி முறை): "சரக்கு கப்பலின் தண்டவாளத்தைக் கடக்கும்போது இழப்பின் பொறுப்பு வாங்குபவருக்கு மாறுகிறது." திருப்பூர்ல இருபது வருசமா ஏற்றுமதி டாக்குமென்ட் போடறேன். கப்பல்ல எங்கீங்க தண்டவாளம்?

வணிகவியல்_வாத்தியார்:
'ஷிப்ஸ் ரெயில்' என்ற ஆங்கிலத் தொடரின் மொழிபெயர்ப்பு அது. 'ரெயில்' என்றால் தண்டவாளம். அகராதியைப் பாருங்கள். பொருளியலாளர் ரிகார்டோ 1817இல் சொன்ன ஒப்பீட்டு அனுகூலத்தை (ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பீட்டளவில் மலிவாக வருவதைச் செய்து விற்றால் இருவருக்கும் லாபம் என்பதை), இங்கிலாந்துத் துணி, போர்ச்சுகல் ஒயின் கணக்கோடு இவ்வளவு தெளிவாகத் தமிழில் எழுதிய புத்தகம் வேறு உண்டா? அதை விட்டுவிட்டு ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். போன மாதம் கணக்கியல் புத்தகத்திலும் இதே ஆட்டம்தான்.

பனியன்_கம்பெனி:
ஒயினை விடுங்க சார். கப்பல் ஓரத்துல ஆள் கடல்ல விழுகாம இருக்கக் கம்பி அடிச்சிருப்பாங்களே, அதானுங்க அந்த ரெயில். அதுவும் இப்ப கணக்குல இல்ல. பாரிஸ் சர்வதேச வர்த்தக சபை போட்ட இன்கோடெர்ம்ஸ் 2010 (விக்கறவன், வாங்கறவன் யாருக்கு எது பொறுப்புன்னு சொல்ற விதிகள்), அதாவது 2011 ஜனவரி 1 முதல், கம்பியையே தூக்கிட்டாங்க. சரக்கைக் கப்பலுக்குள்ள ஏத்தி வெச்சாத்தான் பொறுப்பு மாறும். 2020 விதியும் அதேதான். கிரேன்ல போற பெட்டி கம்பியைத் தாண்டி டெக்குல மொத்துன்னு விழுந்தா, பழைய விதிப்படி வாங்கறவன் நட்டம். இப்ப என் நட்டம். தண்டவாளம்னு படிச்ச பையனுக்கு இதுல என்ன புரியும்?

அரியர்_அரசன்:
அண்ணா, சார், ஒரே டவுட். பரீட்சையில தண்டவாளம்னு எழுதுனா மார்க் உண்டா இல்லையா?

வணிகவியல்_வாத்தியார்:
உண்டு. புத்தகத்தில் உள்ளபடி எழுதினால் முழு மதிப்பெண்.

பனியன்_கம்பெனி:
உண்டாமா! அதனாலதான் போன வருசம் என் ஆபீசுக்கு வந்த பி.காம். பையன் இன்வாய்ஸ்ல "எஃப்.ஓ.பி. திருப்பூர்"னு அடிச்சு வெச்சான். எஃப்.ஓ.பி.க்குப் பக்கத்துல கப்பல் ஏத்தற துறைமுகம் பேரு வரோணும். நொய்யல்லயா கப்பல் வருது? கேட்டா, "தண்டவாளம் திருப்பூர்லதான சார் இருக்கு"ங்கறான். சிரிக்கறதா அழுகறதா?

முத்துநகரான்:
அண்ணாச்சி, சண்டையில நானும் ஒரு கல்லு போடுதேன். தூத்துக்குடி ஹார்பருக்குள்ள தண்டவாளம் இருக்கு, கூட்ஸ் வண்டி உள்ளயே வரும். கப்பல்லதான் கெடையாது.

வணிகவியல்_வாத்தியார்:
பார்த்தீர்களா, துறைமுகத்தில் தண்டவாளம் இருக்கிறது என்று அவரே சொல்கிறார். மேலும், ரயில் பெட்டிகளை அப்படியே ஏற்றிச் செல்லும் கப்பல்கள் உலகில் உண்டு. அவற்றில் தண்டவாளமும் உண்டு. அனுபவம் மட்டும் போதாது ஐயா, கொஞ்சம் படிக்கவும் வேண்டும்.

பனியன்_கம்பெனி:
சரி, நான் பனியன் பெட்டியை ரயில் பெட்டியில ஏத்தி, ரயில் பெட்டியைக் கப்பல்ல ஏத்தி அனுப்பறேன். சந்தோசமா? இந்தப் புத்தகத்தோட வண்டவாளம் தண்டவாளம் ஏறிடுச்சு, அவ்வளவுதான். கேளுங்க சார். ஆறு வருசம் முன்ன துறைமுகத்துக்கு வெளிய குடோன்ல வெச்சிருந்தப்ப மழை. 14 பெட்டி டி-சர்ட் ஊறிப் போச்சு. பெட்டியத் தொட்டா கை உள்ள போகுது, சிவப்புச் சாயம் வெள்ளை மேல இறங்கிருக்கு. வாங்கறவன் ஒத்தைப் பைசா தரல. ஏன்? எஃப்.ஓ.பி., சரக்கு கப்பல் ஏறல. இதையெல்லாம் எந்தப் பக்கத்துல போட்டிருக்காங்க?

முத்துநகரான்:
அண்ணாச்சி கோவிச்சுக்காதிய. குடோன்ல நனைஞ்ச சரக்குக்குக் கம்பின்னாலும் உங்க தலைதான், டெக்குன்னாலும் உங்க தலைதான். அப்போ அந்த 212ஆம் பக்கம் சரியா இருந்தா மட்டும் உங்க 14 பெட்டி காஞ்சிருக்குமா? கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.சி.ஏ.ங்கற வேற முறையைப் போடுங்கன்னு அந்த இன்கோடெர்ம்ஸ் விதிப் புத்தகமே சொல்லுது. போட்டிருந்தா, வாங்குறவன் சொன்ன கேரியர், அதான் சரக்கு கொண்டுபோற கம்பெனி, கையில கன்டெய்னரைக் குடுத்தவுடனே உங்க தலைவலி தீந்துரும். நீங்க ஏன் இன்னும் எஃப்.ஓ.பி. போடுதிய?

பனியன்_கம்பெனி:
தம்பி, வாங்கறவன் எஃப்.ஓ.பி. ரேட்டுதான் கேப்பான். சுங்கத்துக்குக் குடுக்கற ஷிப்பிங் பில்லுலயே எஃப்.ஓ.பி. மதிப்புதான் போடறோம். அதையும் இதையும் முடிச்சுப் போடாதீங்க. பேச்சு தண்டவாளத்தைப் பத்தி.

புதுசா_வந்தவள்:
நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும். அதே புத்தகத்துல 240ஆம் பக்கம் எம்.இ.ஐ.எஸ். சலுகை (ஏற்றுமதி பண்றவங்களுக்கு அரசு குடுத்த ஊக்கத்தொகை) இன்னும் இருக்குன்னு போட்டிருக்கு. 2021 ஜனவரி 1 முதல் அது கிடையாது, ஏற்றுமதிப் பொருள் மேல விழுந்த வரியைத் திருப்பித் தர்ற ரோடெப் திட்டம் வந்துடுச்சு. எனக்குத் தண்டவாளத்தைவிட இதுதான் பெரிய தப்பாத் தெரியுது.

பனியன்_கம்பெனி:
ஆயத்த ஆடைக்கு ரோடெப் கிடையாதும்மா, அதுக்கு ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல்.னு தனி வரித் திருப்பித் திட்டம். தெரியாம எழுதக் கூடாது.

புதுசா_வந்தவள்:
நான் ஆடைன்னு சொல்லவே இல்லையே? உலகத்துல பனியன் மட்டுந்தான் ஏற்றுமதி ஆகுதா?

வணிகவியல்_வாத்தியார்:
எம்.இ.ஐ.எஸ். எல்லாம் அடுத்த பதிப்பில் சரியாகும். இந்தக் கூச்சலின் வேர் எனக்குத் தெரியும். தமிழ்வழிப் புத்தகம் என்றாலே இளக்காரம். ஆங்கிலத்தில் 'ரெயில்' என்று இருந்திருந்தால் இவர் வாய் திறந்திருக்கமாட்டார்.

பனியன்_கம்பெனி:
நானே தமிழ்வழியில படிச்சவன் சார்! கப்பல் கைப்பிடிக் கம்பின்னு எழுதியிருந்தா அது தமிழ் இல்லையா? தண்டவாளம்னு எழுதுனவருக்கு இங்கிலீசும் வரல, தமிழும் வரல, கப்பலும் பாத்ததில்ல.

அரியர்_அரசன்:
அப்போ கைப்பிடிக் கம்பின்னு எழுதுனா மார்க் உண்டா சார்?

வணிகவியல்_வாத்தியார்:
புத்தகத்தில் இல்லாததை எழுதாதே.

முத்துநகரான்:
ஏல அரசா, பேசாம சி.ஐ.எஃப். (கப்பல் கூலியும் இன்சூரன்சும் விக்கிறவன் கட்டுற முறை) கேள்வியை எழுதிட்டுப் போ.

பனியன்_கம்பெனி:
சி.ஐ.எஃப்.புக்கும் பொறுப்பு மாறற இடம் அதேதான் தம்பி. 215ஆம் பக்கத்தைத் திருப்பிப் பாருங்க, அங்கயும் தண்டவாளந்தான் ஓடுது. ராத்திரி பதினொண்ணு ஆச்சு, சார் இன்னும் பதில் சொல்லல.

வணிகவியல்_வாத்தியார்:
சொல்லிவிட்டேன். முதலில் போன மாதம் கணக்கியல் இழையில் தேய்மானம் பற்றி நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். அன்று இரவோடு இரவாக ஓடியவர் நீங்கள்.

பனியன்_கம்பெனி:
ஓடலீங்க, ஷிப்மென்ட் இருந்துச்சு. தேய்மானத்துக்கு நாளைக்கு வர்றேன். அதுக்கு முன்ன 212ஆம் பக்கத்துக்கு வாங்க.