அரபியில் எண்ணும் பெயரும்: பால் எங்கே மாறுது?

கேள்வி:
இடைநிலை வகுப்பு. மூன்று புத்தகங்களுக்கு 'ஸலாஸு குதுப்'னு எழுதினா தப்பாம். கிதாப் (ஒருமை, புத்தகம்) ஆண்பால்தானே?

பதில் 1:
அதனாலதான் தப்பு. 3 முதல் 10 வரை பால் தலைகீழ், ஆண்பால் பெயருக்கு எண் பெண்பால் வடிவம் ('-அது'), பெண்பாலுக்கு ஆண்பால் வடிவம்: ஸலாஸது குதுப், ஆனா ஸலாஸு ஸய்யாராத் (கார்கள், பெண்பால்). பாலை ஒருமையில பாருங்க, பன்மை ஏமாத்தும். 'ஹம்மாமாத்' (குளியலறைகள்) பெண்பால் மாதிரி தெரியும். ஒருமை ஹம்மாம் ஆண்பால், ஆக 'ஸலாஸது ஹம்மாமாத்'.

பதில் 2:
11 முதல் 99 வரை பெயர் ஒருமை, கடைசியில் 'அன்': இஷ்ரூன கிதாபன் (20 புத்தகம்). 100க்கு 'இன்': மிஅது கிதாபின். 'நூறு ரூபாய்'னு ஒருமையில சொல்ற நம்ம பழக்கம் இங்க கைகொடுக்கும். 3–10ல பெயர் பன்மை, அங்கதான் காலை வாரும்.

கேட்டவர்:
கெய்ரோ பேச்சுலயும் இப்படியா?

பதில் 3:
அங்க பால் பேதமே இல்லை. தலத் குதுப், தலத் அரபிய்யாத் (கார்தான்). எண் சுருங்கும், பெயர் பன்மை. ஆனா காசு, காபிக்கடை ஆர்டர்னா எண் நீளும், பெயர் ஒருமை: கம்ஸா கினே (5 பவுண்டு), தலாத்தா அஹ்வா (3 காபி). அங்க போய் 'ஸலாஸது'ன்னு இழுத்தா செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும்.