விரலும் என்னுடையது, போனும் என்னுடையது, ஆனாலும் திறக்கவில்லை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

அனுப்பானடிக்காரி

வியாழக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. பங்க்கில் இருநூறுக்குப் பெட்ரோல் போட்டாகிவிட்டது. பணம் கட்டப் போனை எடுத்தால் விரல் ஏறவில்லை. கட்டைவிரலைச் சேலையில் துடைத்து வைத்தேன். சேலையே சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது, அதில் துடைத்து என்ன ஆகப்போகிறது? ஆள்காட்டி விரலும் ஏறவில்லை. அப்புறம் எண்ணைப் போடு என்று வந்தது.

எண் எனக்குத் தெரியும். மூன்று நாளைக்கு ஒருமுறை போடுகிற எண்தான். ஆனால் பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கும்போது கைக்கு வந்தது பணம் அனுப்புகிற பின். அதுவும் ஆறு இலக்கம், இதுவும் ஆறு இலக்கம். அடுத்து பழைய போனின் எண். அடுத்து மகள் போனின் எண். ஐந்து தடவை தப்பானதும், 30 விநாடி கழித்து வா என்று சொல்லிவிட்டு 29, 28 என்று இறங்க ஆரம்பித்தது.

அந்த முப்பது விநாடிதான். பெட்ரோல் போடுகிற தம்பி ஒன்றும் சொல்லவில்லை, குழாயைப் பிடித்துக்கொண்டு என் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் புல்லட்டில் இருந்தவர், "அது அவங்க போன்தானான்னு கேளு தம்பி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கணக்கு பூஜ்யத்துக்கு வந்ததும் எண் தானாக நினைவுக்கு வந்துவிட்டது, பணமும் போய்விட்டது. ஆனால் அந்த ஆளிடம் திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நாலு நாளாக அடுப்படியில் நின்று அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது ஆகியிருந்தால் எழுதுங்கள்.

கொத்தனார்மகன்

முதல் சம்பளத்தில் அப்பாவுக்குப் போன் வாங்கிக் கொடுத்தேன், பதினோராயிரம். ரேகை பதியும்போது திரையில் ஒரு விரல் படம் வருமே, கோடு கோடாக நிறம் ஏறும். அப்பா விரலுக்கு முதல் கோட்டிலேயே நின்றுவிட்டது. எடுத்துவிட்டு மீண்டும் வைக்கச் சொன்னது. எடுத்தார், வைத்தார், பத்து நிமிடம். பிறகு கையை விரித்து என் முகத்துக்கு நேராகக் காட்டி, "முப்பது வருஷமா கலவை போட்ட கைடா. இதுல ரேகை எங்க இருக்கு?" என்றார். கட்டைவிரல் தேய்ந்த படிக்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. அத்தனை வருடம் அந்தக் கையால் சோறு ஊட்டி வளர்ந்தவன் நான், அன்றுதான் அதைப் பார்க்கிறேன்.

ஈரச் சிமெண்டில் இருக்கிற காரம் தோலை அரிக்கும், மிச்சத்தைச் செங்கல் தேய்க்கும். வேடிக்கை என்னவென்றால் சும்மா விட்டால் திரும்ப வளரும். டெங்கு வந்து மூன்று வாரம் வீட்டில் கிடந்தார். பொழுது போகாமல் வைத்துப் பார்த்தோம், அதே கட்டைவிரல் ஒரே மூச்சில் பதிந்துவிட்டது. அம்மா பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரமே போன் மறுபடியும் அவரைத் தெரியாது என்றுவிட்டது.

இப்போது இடது சுண்டுவிரல். கரண்டி பிடிப்பதில் அதற்கு வேலை இல்லாததால் தப்பித்திருக்கிறது. டீக்கடையில் அவர் சுண்டுவிரலை நீட்டிப் போனைத் திறப்பதைப் பார்த்தால் யாரிடமோ காய் விடுவது போலிருக்கும். ரேஷன் கடையில் கண்ணைக் காட்டும் கருவி வந்துவிட்டது, அந்த வழக்கு தீர்ந்தது.

ஆவாரம்பூ

கொத்தனார்மகன், சிமெண்ட் மட்டும் இல்லை. என் அம்மா கேப்சிடாபைன் என்ற புற்றுநோய் மாத்திரை சாப்பிட்டாள். உள்ளங்கை சிவந்து தோல் உரியும் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். ரேகையும் போகும் என்று சொல்லவில்லை. நாலாவது சுற்றில் போன் திறப்பதை நிறுத்தியது. பிறகு தேடினால், இதே மாத்திரை சாப்பிட்ட ஒரு சிங்கப்பூர்க்காரரை அமெரிக்க விமான நிலையத்தில் ரேகை இல்லை என்று நாலு மணி நேரம் உட்கார வைத்ததை 2009-லேயே ஒரு மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "மாத்திரைய நிறுத்தினா இது என்னை அடையாளம் கண்டுக்குமா?" கண்டுகொண்டது. மூன்று மாதம் ஆயிற்று.

ஆறிலக்கம்

எல்லோரும் போனைத் திட்டுகிறீர்கள். கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

அனுப்பானடிக்காரி, ஈர விரலை வைத்தது உங்கள் தவறு. பக்கவாட்டுப் பொத்தானில் இருக்கும் சென்சார் மின்னேற்ற வித்தியாசத்தைத்தான் படிக்கிறது. ரேகையின் மேடு அதைத் தொடும், பள்ளம் தொடாது. பள்ளத்தில் தண்ணீர் நிறைந்தால் மேடு எது பள்ளம் எது? திரைக்கு அடியில் இருக்கும் சென்சார் என்றால் பெரும்பாலும் வெளிச்சம் அடித்துப் படம் எடுக்கிறது. அதற்கு ஈரத்தைவிடக் காய்ந்த தோல்தான் எதிரி, கண்ணாடியில் ஒட்டாது. மீயொலி அனுப்பிப் பார்க்கிற வகை ஒன்றும் உண்டு, விலை கூடுதல். உங்களுடையது எந்த வகை என்று நீங்கள் சொல்லவே இல்லை.

செய்ய வேண்டியது: ஒரே கட்டைவிரலை இரண்டு தடவை பதியுங்கள். ஒரு தடவை சாதாரணமாக, இன்னொரு தடவை பாத்திரம் தேய்த்துக் கை ஊறியிருக்கும்போது, துடைத்துவிட்டு. ஸ்கிரீன் கார்டு மாற்றினால் பழைய ரேகையை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். 2019 அக்டோபரில் சாம்சங் கேலக்ஸி எஸ்10-ல் என்ன நடந்தது? சில சிலிக்கோன் உறைகளைத் திரையில் ஒட்டியபோது, உறையில் இருந்த புள்ளிகளையே ரேகை என்று நினைத்து யார் விரல் வைத்தாலும் திறந்தது. அவர்கள் மென்பொருளைத் திருத்தி அனுப்ப வேண்டியதாயிற்று.

உண்மையில் விரலே வேண்டாம் என்பேன். பின் போடுங்கள், அதுவும் ஆறு இலக்கம். நாலு இலக்கத்தில் பத்தாயிரம் வாய்ப்பு, ஆறில் பத்து லட்சம். கோடு இழுக்கிற பேட்டர்னில் 3,89,112 வகை இருக்கிறது, ஆனால் அதில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடுகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். திரையில் படிகிற எண்ணெய்த் தடத்தைச் சாய்வாகப் பார்த்தே பேட்டர்னைக் கண்டுபிடிக்கலாம் என்று 2010-லேயே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செய்து காட்டிவிட்டார்கள். வடை சாப்பிட்ட கையோடு திறக்கும் நம் ஆட்களுக்கு அந்த ஆராய்ச்சிகூடத் தேவையில்லை.

என் அனுபவம்: வெண்டைக்காய் நறுக்கிவிட்டு ஒருமுறை திறக்க முடியவில்லை.

அனுப்பானடிக்காரி

மழையில் நனைந்தது என் தவறா? சரி. பாத்திரம் தேய்த்த கையைப் பற்றி எனக்கு வகுப்பு எடுக்கிறவர் கடைசியாக எப்போது பாத்திரம் தேய்த்தார் என்றும் எழுதலாம்.

இரவுப்பணி

ஆறிலக்கம் சொன்னதில் ஒன்று சரி, விரல் வேண்டாம் என்பது. ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக இல்லை.

நான் நர்ஸ். இரவு வேலை முடிந்து பகலில் தூங்குவேன். மகனுக்கு ஒன்பது வயது. லீவு நாள் மத்தியானம், அரைத் தூக்கத்தில் யாரோ என் கையை மெதுவாகத் தூக்குவது தெரிந்தது. கண்ணைத் திறக்கவில்லை. என் கட்டைவிரலில் உஃப் என்று ஊதினான். தன் சட்டையில் துடைத்தான். ஈரம் இருந்தால் திறக்காது, ஊதித் துடைத்து வை என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். வைத்தான், திறந்தது. பிறகு கையை இருந்த இடத்திலேயே வைத்து, போர்வையை இழுத்துத் தோள் வரைக்கும் மூடிவிட்டுப் போனான்.

அந்தப் போர்வைதான் என்னைத் திட்டவிடாமல் செய்கிறது. இரண்டு மாதம் ஆகிறது. ரேகையை அழித்துவிட்டேன், ஏன் என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

2017 நவம்பரில் தோஹாவிலிருந்து பாலிக்குப் போன விமானம் சென்னையில் இறங்கியது நினைவிருக்கிறதா? தூங்கிக்கொண்டிருந்த கணவனின் விரலை வைத்து மனைவி போனைத் திறந்து, அவனுடைய கள்ளத் தொடர்பைக் கண்டுபிடித்து, நடுவானில் சண்டை. குடும்பத்தையே இங்கே இறக்கிவிட்டுவிட்டு விமானம் போயிற்று. அந்தச் செய்தியைப் படித்து அன்றைக்கு நான் சிரித்தேன்.

திருகாணி

பதினேழு வருடமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். லாக் ஆன போன் வாரத்துக்கு மூன்றாவது வரும். கணவன் போனை மனைவியும், மனைவி போனைக் கணவனும் கொண்டுவந்தால் நான் எடுப்பதில்லை. அதைப் பற்றித் தனியாக எழுதலாம்.

மறக்க முடியாதது ஒரு பால்காரர். பேரன் பின்னை மாற்றிவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். பெரியவருக்கு மூன்று நாள் விரலிலேயே ஓடியிருக்கிறது. 72 மணி நேரம் ஆனதும் எண்ணைக் கேட்டிருக்கிறது. பேரனுக்குப் போன் போட்டால், விளையாட்டாகப் போட்டேன், என்னவென்று நினைவில்லை என்கிறான். உள்ளே யார் யார் எவ்வளவு பால் பாக்கி என்ற கணக்கு. காப்பி எங்கேயும் கிடையாது.

உள்ளே இருப்பது எல்லாம் பூட்டுச் சாவியோடு சேர்த்துக் குழப்பி எழுதப்பட்டிருக்கும், எண் இல்லாமல் படிக்க முடியாது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் போனைத் திறந்து தரமுடியும், அதற்கு முந்நூறு ரூபாய் என்றேன். பெரியவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அழிச்சுட்டுத் திறக்கிறதுக்கு நீ எதுக்குப்பா? அதுக்கு வீட்ல கல்லே இருக்கே" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அழித்தாலும் அதோடு முடியாது. 2015 முதல் ஆண்ட்ராய்டில், பூட்டிய நிலையில் அழித்த போன் முன்பு இருந்த ஜிமெயில் கணக்கைக் கேட்கும். திருடனுக்கு வைத்த பொறி. இவருக்கு ஜிமெயில் போட்டுக் கொடுத்தது போன் விற்ற கடைப் பையன். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான்.

டேட்டா போகாமல் திறந்து தருகிறேன் என்று எவனாவது சொன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கொத்தனார்மகன்

திருகாணி, அப்புறம் பால் பாக்கி என்ன ஆயிற்று?

திருகாணி

வீடு வீடாகப் போய் "நீங்களே சொல்லுங்க, எவ்வளவு தரணும்" என்று கேட்டிருக்கிறார். பாதிக்கு மேல் வந்துவிட்டதாம். ஒரு வீட்டில் அவர் நினைத்ததைவிட அதிகம் கொடுத்தார்களாம், அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வடக்குவீதி

இதை எழுதலாமா என்று தெரியவில்லை.

அப்பா இறந்தது போன ஆடியில். ஆஸ்பத்திரியில் அவர் பையோடு போனையும் கொடுத்தார்கள், சார்ஜ் இல்லாமல் அணைந்திருந்தது. வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டு ஆன் செய்தோம். அவருடைய சேக்காளிகள் யார் எண்ணும் எங்களிடம் இல்லை. நாற்பது வருடம் லாரி ஓட்டியவர், நாமக்கல்லில் இருந்து நாக்பூர் வரை ஆட்கள். எல்லாம் அந்தப் போனுக்குள்.

அத்தான்தான் சொன்னார், விரல் இருக்கிறதே என்று. ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினோம். கை விறைத்திருந்தது. அத்தான் கட்டைவிரலைப் பிடித்து நிமிர்த்தினார், நான் போனைக் கீழே கொண்டுபோனேன். திறக்கவில்லை. பெட்டிக் குளிர்ச்சியில் கையில் நீர் கோத்திருக்கிறது என்று தங்கை துண்டால் துடைத்தாள். திரும்ப வைத்தோம். வலது கை, இடது கை. ஏழெட்டுத் தடவை இருக்கும். அம்மா சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தவள், "அந்த மனுசனை விடுங்கடா" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுப் பார்த்தோம். சிம்மில் பதிந்திருந்தது பதினொரு எண், அதில் ஒன்று கேஸ் கம்பெனி. திரும்ப அப்பா போனிலேயே போட்டு வைத்தோம். நாமாக யாரையும் கூப்பிட முடியாது, வந்தால் எடுக்கலாம். வெறும் எண்தான் வந்தது, பெயர் வரவில்லை. "நீங்க யாருங்க" என்று கேட்டுக் கேட்டுத்தான் சொன்னோம். பதினாறாம் நாள் வரைக்கும் அந்தப் போனுக்குச் சார்ஜ் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். விரல் ஏன் ஏற்கவில்லை என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. சில்லிட்டுப்போனதாலா?

ஆறிலக்கம்

வடக்குவீதி, கைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அணைந்து திரும்ப ஆன் ஆன போன் முதல் தடவை எண்ணை மட்டும்தான் கேட்கும். எண் போடும்வரை உள்ளே இருப்பது பூட்டியபடியே இருக்கும், அதனால்தான் பெயர் வராமல் எண் மட்டும் வந்தது. அப்பா எழுந்து உட்கார்ந்து வைத்திருந்தாலும் விரலுக்குத் திறந்திருக்காது.

இறந்தவர் விரலால் திறக்குமா என்பது வேறு கதை. 2018-ல் அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் லார்கோ நகரத்துப் போலீஸ் ஒரு சவ அடக்க நிலையத்துக்கே போய் முயன்று பார்த்தார்கள், அவர்களுக்கும்

அனுப்பானடிக்காரி

ஆறிலக்கம், முதல் பத்தியோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆறிலக்கம்

நிறுத்திவிட்டேன். மன்னிக்கவும்.

வடக்குவீதி

இல்லை, சொன்னது நல்லதுதான். சில்லிட்டதால் இல்லை என்று தெரிந்தது. அத்தானுக்கு இதை அனுப்பினேன். படித்துவிட்டார், இரண்டு நீலக் கோடு வந்துவிட்டது. பதில் போடவில்லை.

தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. துடைத்தவள் அவள்தான்.

இரவுப்பணி

சொல்லாதீர்கள். அல்லது சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை. நான் வேலை செய்கிற வார்டில் இறந்தவர்களின் போனைக் கொடுக்கும்முன் இனிமேல் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து, அணையும் முன்பே சார்ஜில் போடுகிறேன்.

குட்டிமணி

எனக்கும் இதே பிரச்சினை. நேற்று புது ஸ்கிரீன் கார்டு ஒட்டினேன், அதிலிருந்து விரல் ஏறவில்லை. யாராவது தீர்வு சொல்லுங்கள், அவசரம்.

ஆறிலக்கம்

மேலே எழுதியிருக்கிறேன். படிக்கவும்.