ஜெபக்குறிப்புன்னு பேர் வச்சு பரவுற பேச்சு, உங்க சபையில எப்படி சமாளிச்சீங்க?

ஸ்தோத்திரம் எல்லாருக்கும். ராயக்கோட்டை பக்கம் ஒரு சின்ன சபை, அங்க நான் பாஸ்டரம்மா, எங்க வீட்டுக்காரர்தான் பாஸ்டர் ஐயா. எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு தக்காளி, மாந்தோப்பு வேலை, மீதிப் பேர் பெங்களூர்ல கட்டட வேலை, சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு ஆராதனை முடிச்சு அன்னைக்கு சாயங்காலமே பஸ் ஏறிடுவாங்க. வாரம் பூரா புருஷன் ஒரு ஊரு பொண்டாட்டி ஒரு ஊரு. மனஸ்தாபம் வந்தா உக்காந்து பேச நேரம் கிடையாது, அதனால யார்கிட்டயாவது சொல்லி அனுப்புறதுதான் பழக்கமாயிடுச்சு. முக்காவாசி என்கிட்டதான் சொல்லுவாங்க, ஐயாகிட்ட சொல்லிடுங்கம்மான்னு.

போன மாங்கா சீசன்ல நடந்தது இது. ஒரு சகோதரி அழுதுக்கிட்டே வந்தாங்க, வீட்டுக்காரர் ரெண்டு மாசமா பணமே அனுப்பல, போன் பண்ணா கட் பண்றாருன்னு. அப்ப கூட இருந்து ஜெபிச்ச இன்னொரு அம்மா, நல்ல மனசோடதான், அன்னைக்கு ராத்திரியே சபை வாட்ஸ்அப்ல போட்டுட்டாங்க, 'ஒரு சகோதரி குடும்பத்துக்காக பாரத்தோட ஜெபிங்க, கணவர் பணம் அனுப்புறதில்ல'ன்னு. பேர் போடல. நாப்பது வீடு இருக்கற சபையில பேர் எதுக்கு? அந்த மனுஷன் பெங்களூர்ல சைட்டு ஷெட்ல உக்காந்து அதைப் படிச்சிருக்காரு.

ஞாயித்துக்கிழமை வந்தாரு, உள்ள வரல, செருப்பைக் கூட கழட்டாம வாசல்லயே நின்னாரு. எங்க வீட்டு சமாச்சாரம் எப்படிம்மா போனுக்கு வந்துச்சுன்னு கேட்டாரு பாருங்க, என்னால நிமிர்ந்து பாக்க முடியல. எங்க வீட்டுக்காரர் மேடையில அதைப் பத்தி ஒரு வார்த்தை எடுக்கல, ஆராதனை முடிஞ்சதும் அவரை மட்டும் தனியா டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்கதான் விஷயமே தெரிஞ்சுது, மேஸ்திரி கூலியைப் பாக்கி வச்சு இழுத்தடிச்சிருக்காரு, அதைப் பொண்டாட்டிகிட்ட சொல்ல இவருக்கு வெக்கம், அதான் போனை எடுக்கல. நீங்களே சொல்லுங்க நான் பக்கத்துல இருக்கறேன்னு ஐயா கூட்டிட்டு வந்து உக்கார வச்சாரு, அவரே சொன்னாரு. அந்தம்மா மொத ரொம்ப கோவப்பட்டாங்க, அப்புறம்தான் அழுதாங்க.

மெசேஜ் போட்ட அம்மா வீட்டுக்கு நான் போனேன். மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்தாங்க, நானும் கூட உக்காந்து உரிச்சுக்கிட்டே மெதுவா சொன்னேன். மத்தேயு 18:15-ல இயேசு சொன்ன மொத படி 'நீயும் அவனும் தனித்திருக்கையில்'ங்கறதுதானே, ரெண்டு மூணு சாட்சி, சபை எல்லாம் அதுக்கப்புறம்தான். நாம அதைத் தலைகீழா பண்றோம், மொத சபைக்கு, கடைசியா அந்த ஆளுக்கு. அவங்களே போய் அந்தக் குடும்பத்துகிட்ட மன்னிப்பு கேட்டுட்டாங்க. இப்ப எங்க குரூப்ல கூட்ட நேரம், துக்கச் செய்தி, ரத்தம் தேவை, இவ்வளவுதான் வரும். உங்க அனுபவத்தையும் எழுதுங்க.

ஓசூர் தம்பி: நான் பாஸ்டர் பையன், கம்பெனியில ஷிப்ட் வேலை. நீங்க வாட்ஸ்அப் சொன்னீங்க, எனக்கு பிரசங்க மேடை. பத்தாவது படிக்கறப்ப என் மார்க்கு, என் கோவம் எல்லாம் எங்கப்பாவுக்கு உதாரணமா போயிடும், சபையே திரும்பி என்னைப் பாக்கும். ஒருநாள் வண்டியில பின்னாடி உக்காந்துட்டுப் போறப்ப, முகம் பாக்க வேண்டியதில்லையே, அந்த தைரியத்துல சொல்லிட்டேன், அப்பா என்னைப் பத்தி மேடையில பேசாதீங்கன்னு. வண்டியை ஓரங்கட்டிட்டாரு, திட்டப்போறாருன்னு நெனச்சேன், ஏண்டா இவ்ளோ நாள் சொல்லலன்னு மட்டும்தான் கேட்டாரு. இன்னைக்கும் வீட்டு விஷயம் எதையாச்சும் சொல்லணும்னா அம்மாகிட்டயும் என்கிட்டயும் கேட்டுட்டுதான் சொல்றாரு. யாத்திராகமம் 18-ல மோசே காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஜனங்களுக்கு நியாயம் விசாரிக்கறதை அவரோட மாமனார் எத்திரோ பாத்துட்டு நீர் செய்யறது நல்லதில்லன்னு சொல்றது எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்த அதிகாரம் ஆரம்பிக்கறதே எத்திரோ தன் பொண்ணு, மோசேயோட மனைவி சிப்போராளையும் ரெண்டு பசங்களையும் மோசேகிட்ட கூட்டிட்டு வர்றதுலதான். மாமனார் மொத குடும்பத்தைக் கொண்டாந்து விட்டுட்டு அப்புறம்தான் ஊழியத்தைப் பத்தி பேசறாரு. இதை எனக்குக் காட்டினது எங்கப்பாதான்.

தர்மபுரி, ரிட்டயர்ட் வாத்தியார்: கிருஷ்ணகிரி தனி மாவட்டமா பிரிஞ்ச 2004 சமயம் எங்க சபையும் ரெண்டா பிரியற நிலைமை, ஜெபவீட்டு மனை யார் பேர்ல இருக்கணும், பேங்க்ல யார் கையெழுத்துன்னு. அப்ப இருந்த பாஸ்டர் ஒண்ணு பண்ணாரு, யார் வந்து புகார் சொன்னாலும், யார் மேல புகாரோ அவரையும் கூட்டிட்டு வாங்க, சேந்து கேக்கறேன்னு திருப்பி அனுப்பிடுவாரு. அப்ப எங்களுக்கு எரிச்சலா இருந்துச்சு, ஆனா பாதிப் புகார் அதுலயே அடங்கிடுச்சு. எல்லாம் சரியாப்போச்சுன்னு சொல்ல மாட்டேன், அஞ்சாறு குடும்பம் போனது போனதுதான். பவுலும் பர்னபாவுமே, ஊழியத்துக்கு மாற்குவைக் கூட்டிட்டுப் போறதா வேண்டாமான்னு பிரிஞ்சவங்கதானே, கடைசில அதே மாற்குவைக் கூட்டிட்டு வான்னு பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதறாரு. போனவங்க வீட்டுக் கல்யாணம் ஒண்ணைக் கூட நான் விட்டதில்ல.

கிருஷ்ணகிரி சிஸ்டர், நர்ஸ்: ஒரு விஷயம் சேத்துக்கோங்க. அடி உதை நடக்கற வீட்டுப் பொண்ணை நேரா பேசிக்கோம்மான்னு திருப்பி அனுப்பாதீங்க. காயத்தோட வர்றவங்ககிட்ட கேட்டா, பொறுத்துப் போ, ஜெபம் பண்ணுன்னு சபையில சொன்னாங்கன்றாங்க, கேக்கவே வயிறு எரியுது. பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் பண்ணுங்க, குழந்தைன்னா 1098. ஜெபமும் பண்ணுங்க.

பாஸ்டரம்மா: நர்ஸ் சிஸ்டர், நூத்துக்கு நூறு சரி, தனியா பேசறதெல்லாம் ரெண்டு பேரும் பயமில்லாம உக்காரக்கூடிய வீட்டுக்குத்தான். எங்க ஐயா பொம்பளைங்க மட்டும் இருக்கற வீட்டுக்குத் தனியா போறதே இல்ல, நானோ மூப்பர் சம்சாரமோ கூடப் போவோம், அடி விஷயம்னா ஐயாவுக்கு முன்னாடி நாங்கதான் பேசுவோம். அந்த ரெண்டு நம்பரையும் நோட்டீஸ் போர்டுல எழுதச் சொல்றேன். ஓசூர் தம்பி, நைட் ஷிப்ட் பசங்களுக்கு உங்க சபையில எந்த நேரம் கூடுறீங்கன்னு எழுதுப்பா, எங்க ஊர்ப் பசங்க சிலர் அங்க ரூம் எடுத்துத் தங்கி இருக்காங்க.