அப்பா ஏன் எதையும் வெளிய சொல்றதில்ல?

கேள்வி:
2011 டிசம்பர் 30, தானே புயல்ல பண்ருட்டி பக்கம் எங்க முந்திரித்தோப்பு மொத்தமும் சாஞ்சுது. அப்பா ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. வேரோட கெடந்த மரத்துல கிளை கழிச்சுட்டே, கேட்டவங்ககிட்டல்லாம் "பரவால்ல"ன்னார். இப்பவும் ராத்திரி காத்து பலமா அடிச்சா எழுந்து உக்காந்துக்கறார். எங்ககிட்ட என்ன மறைப்பு?

பதில்:
கடன் குடுத்தவன், சம்பந்தி வீடுன்னு எல்லாரும் பாக்குறப்ப தான் உடைஞ்சா குடும்பமே ஆடிப்போகும்னு நெனச்சிருப்பார். தேவனாம்பட்டினத்துல சுனாமிக்கப்புறம் எங்க மாமாவும் இப்படித்தான் இருந்தார்.

பதில்:
மறைச்சா அடங்கிடாது தம்பி. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1997ல வெளியிட்ட ஆய்வுல, சோகப் படம் பாத்து முகத்துல காட்டாம அடக்குனவங்களுக்குச் சோகம் குறையல. இதயத்துக்குத்தான் வேலை கூடுச்சு. "ஏன் அழல"ன்னு கேக்காதீங்க. மரத்தப் பத்திக் கேளுங்க.

கேட்டவர்:
சரிண்ணே. கெழக்கு வரிசை தாத்தா வெச்சது. ஞாயித்துக்கிழமை அங்கேருந்து ஆரம்பிக்கிறேன்.