நார்வே பிளாக் மெட்டல் குழு எம்பரரோட முதல் ஆல்பம்: இவ்வளவு ரிவெர்ப்லயும் (எதிரொலி) ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் வரி) எப்படித் தெளிவா கேக்குது?

நடுநிசி:
'இன் தி நைட்சைட் எக்லிப்ஸ்' முழுக்க பிளாஸ்ட் பீட் (அதிவேக டிரம் அடி), மேல கீபோர்டு, எங்கயும் எதிரொலி. ஆனாலும் ரிஃப் காதுல விழுது. அதே பாணியில 180 பிபிஎம் (நிமிஷத்துக்கு 180 தாள அடி), ரெண்டு கிட்டார், ஸ்ட்ரிங்ஸ் பேட் (கீபோர்டுல நீளமா பிடிக்கிற வயலின் மாதிரி ஒலி), 3 செகண்ட் ஹால் ரிவெர்ப்னு வெச்சா மிக்ஸ் சேறாகுது. எங்க தப்பு?

பனிக்காடு:
ரிவெர்ப்லதான். 180ல பதினாறாம் நோட் ட்ரெமலோன்னா (ஒரு தாள அடிக்கு நாலு தடவை வேகமா மீட்டுறது) செகண்டுக்கு 12 அடி. 3 செகண்ட் ரிவெர்ப் வால்ல 36 அடி ஒண்ணுமேல ஒண்ணு படியும். கிட்டாருக்கு 0.8 செகண்ட் ரூம் போதும். நீள வால் கீபோர்டுக்கும் குரலுக்கும் மட்டும், குரலுக்கு 60 மில்லிசெகண்ட் ப்ரீ-டிலே (ரிவெர்ப் தொடங்குறதுக்கு முன்னாடி இடைவெளி). ரிவெர்ப் பஸ்ல (ரிவெர்ப் மட்டும் போற தனி சேனல்) 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ மொத்தமா வெட்டிடுங்க.

கருநிலா:
மிக்ஸுக்கு முன்னாடி பாட்டோட இசையமைப்பைப் பாருங்க நண்பரே. அந்த ஆல்பம் 1993 ஜூலைல நார்வே பெர்கன் நகரத்துல இருக்கிற க்ரீக்ஹாலன் இசை அரங்கத்துல, தயாரிப்பாளர் பிட்டன் கைல பதிவானது. மேஹெம் குழுவோட முதல் ஆல்பத்துக்கும் அதே இடம், அதே ஆள். ஆனா அரங்கம் மட்டும் இந்த சத்தத்தைக் கொடுத்துடாது. எம்பரரோட இஷானுக்கு அப்ப 17 வயசு; குரல், கிட்டார், கீபோர்டு மூணும் அவர். கீபோர்டு கடைசியில பூசின சுண்ணாம்பு இல்ல, ரிஃப்போட சேர்ந்தே நடக்குது.

ஈ மைனர்லேர்ந்து சி மைனருக்குப் போய்ப் பாருங்க. ஜி அப்படியே நிக்கும், பி அரை ஸ்வரம் ஏறி சி ஆகும், ஈ அரை ஸ்வரம் இறங்கி ஈ ஃபிளாட் ஆகும். அந்த ஜி-யைக் கீபோர்டு நாலு பாருக்குப் பிடிக்கட்டும், கிட்டார் ரெண்டும் நகரட்டும். குளிர் அங்கதான் பிறக்குது.

இன்னொண்ணு: மைனர் கார்டை ஒரே கிட்டார்ல அடிக்காதீங்க. கீழ் ஈ 82 ஹெர்ட்ஸ், ஜி 98. ரெண்டும் ஒரே டிஸ்டார்ஷனுக்குள்ள போனா வித்தியாசமான 16 ஹெர்ட்ஸ்ல ஒரு உறுமல் முளைக்கும். இடது கிட்டார் ரூட் (கார்டோட அடிப்படை ஸ்வரம், இங்க ஈ), வலது கிட்டார் ஒரு ஆக்டேவ் மேல தேர்ட் (இங்க ஜி), தனித்தனி ஆம்ப்.

பனிக்காடு:
சரியான பாயிண்ட். கெயினையும் (டிஸ்டார்ஷன் அளவு) காதுக்குப் போதும்னு படுறதுக்குக் கொஞ்சம் கீழ வைங்க. ட்ரெமலோல பிக் சத்தம் 2-4 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கு, கெயின் ஏறினா அதான் முதல்ல நசுங்கும்.

நடுநிசி:
கிக் டிரம் இன்னும் அமுங்குதே?

கருநிலா:
பேஸ் கிட்டாரும் கிக்கும் 60-80 ஹெர்ட்ஸ்ல மோதுது. இந்த வேகத்துல கிக்கோட கீழ் ஒலி எடுபடாது, 4 கிலோஹெர்ட்ஸ் டிக் மட்டும் போதும். கீழ் ஒலியைப் பேஸுக்கு விட்டுடுங்க. கிட்டாரை 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிட்டுத் திரும்பக் கேளுங்க.