வாஷ்பேசின் கேபினட்: டிராயர் பாதியில் நிற்கிறது, முகப்பு உப்புகிறது. சரிசெய்ய முடியுமா?

கேள்வி கேட்பவர்:

வணக்கம். வாஷ்பேசினுக்குக் கீழே வைக்க ரெடிமேட் கேபினட் ஒன்று வாங்கினோம். மேலே ஒரு டிராயர், கீழே ஒரு டிராயர். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. புழங்க ஆரம்பித்த பிறகுதான் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன.

கேபினட்டின் உள் ஆழம் 480 மி.மீ. மேல் டிராயரோ 250 மி.மீ. ஆழத்தோடு முடிந்துவிடுகிறது. பின்னால் பாட்டில் டிராப் (பேசினின் கழிவுநீர்ப் பைப்பில் இருக்கும் பாட்டில் வடிவப் பகுதி) இருப்பதால் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த 250-ம் முழுதாக வெளியே வருவதில்லை, முக்கால்வாசியிலேயே நின்றுவிடுகிறது. பின்மூலையில் இருக்கும் பொருளை எடுக்கக் கையை வளைத்து உள்ளே விட வேண்டும். நடுவில் பிடித்து இழுத்தால் வருகிறது. ஓரமாகப் பிடித்தால் கோணிக்கொண்டு சிக்குகிறது.

கீழ் டிராயரின் முகப்பு அடிவிளிம்பில் உப்பி, மைக்கா பிரிய ஆரம்பித்துவிட்டது. குழாய்க்கு வரும் தண்ணீரை நிறுத்தும் ஆங்கிள் வால்வை மூட வேண்டுமானால் மேல் டிராயரையே கழற்ற வேண்டியிருக்கிறது. அதுதான் எனக்குப் பெரிய பயம். ராத்திரி நேரத்தில் குழாய் ஒழுகினால் யார் கழற்றுவது?

முழு கேபினட்டையும் மாற்றும் எண்ணம் இல்லை. இருப்பதைச் சரிசெய்ய வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில் – வீட்டு வேலைகளைத் தானே செய்பவர்:

எங்கள் வீட்டிலும் இதே தொல்லை. நான் டிராயர்களை எடுத்துவிட்டு இரண்டு கதவு போட்டு உள்ளே ஒரு தட்டு வைத்துக்கொண்டேன். பைப் எங்கே போனாலும் கவலையில்லை. உங்களுக்கும் அதுவே சுலபம். டிராயர்தான் வேண்டும் என்றால் பாட்டில் டிராப்பைக் கழற்றிவிட்டு, சுருங்கி விரியும் அந்த வளையும் பைப்பைப் போடுங்கள். நிறைய இடம் கிடைக்கும்.

பதில் – பிளம்பிங் வேலை செய்பவர்:

மேடம், டிராப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதன் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாதாரணமாக 50 மி.மீ. உயரத்துக்கு அந்தத் தண்ணீர் நின்றால்தான் சாக்கடை வாடை வீட்டுக்குள் வராமல் தடுக்கும். வளையும் பைப்பின் உள்பக்கம் மடிப்பு மடிப்பாக இருக்கிறதே, அந்த மடிப்புகளில் முடியும் சோப்பு அழுக்கும் சேரும். வளைத்து வைத்த வடிவமும் நாளடைவில் தளர்ந்துவிடும். அப்புறம் தண்ணீர் நிற்காது.

இடம் வேண்டுமென்றால், கீழே இறங்காமல் நேராகச் சுவரை ஒட்டிப் போகும் இடம் அடைக்காத டிராப் வகைகள் உண்டு. அதிலும் தண்ணீர் நிற்கும். ஆனால் உங்கள் அளவுகளைப் பார்த்தால் அதற்குக் கூட அவசியம் வராது என்று தோன்றுகிறது. உங்கள் வேஸ்ட் பைப் சுவருக்குள் போகிறதா, தரைக்குள் இறங்குகிறதா?

கேள்வி கேட்பவர்:

சுவருக்குள் போகிறது, அண்ணா. மேல் டிராயர் இருக்கும் உயரத்திலேயே சுவரில் நுழைந்துவிடுகிறது. கீழ் டிராயருக்குப் பின்னால் எந்தப் பைப்பும் இல்லை.

கதவு யோசனைக்கு நன்றி. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. குனிந்து தட்டுக்குள் கைவிட்டுத் தேட அவர்களால் முடியாது. டிராயர் என்றால் இழுத்து மேலிருந்தே பார்த்து எடுத்துக்கொள்வார்கள். அதற்காகத்தான் டிராயர் வைத்ததையே தேடி வாங்கினோம்.

பதில் – தச்சு வேலை செய்பவர்:

சகோதரி, கீழ் டிராயருக்குப் பின்னால் பைப்பே இல்லை என்கிறீர்கள். அதன் ஆழம் எவ்வளவு? அதுவும் 250தானா?

கேள்வி கேட்பவர்:

இப்போதுதான் அளந்தேன். ஆமாம் அண்ணா, அதுவும் 250தான்! பின்னால் 230 மி.மீ. சும்மா கிடக்கிறது. உள் அகலம் 560. பாட்டில் டிராப்பின் குறுக்களவு 65 இருக்கும், பின்சுவரிலிருந்து அதன் முன்பக்கம் வரை 215. ஆங்கிள் வால்வுகள் பின்சுவரிலிருந்து 75 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கின்றன.

பதில் – தச்சு வேலை செய்பவர்:

நல்லது, இந்த அளவுகள் போதும்.

எந்த வீட்டில் பைப் எங்கே வரும் என்று கேபினட் செய்பவர்களுக்குத் தெரியாது. அதனால் எல்லா வீட்டுக்கும் பொருந்தட்டும் என்று டிராயரைக் குட்டையாக்கிவிடுகிறார்கள். மேல் டிராயருக்கு அதையாவது ஒப்புக்கொள்ளலாம். கீழ் டிராயருக்கும் அதே பெட்டியைப் போடுவது, ஒரே அளவில் வெட்டித் தள்ளும் வசதிக்காகத்தான். வாங்குபவர் இழப்பது பாதி இடம். எனக்கு இதில் கோபமே வரும்.

உங்கள் கேபினட்டின் கூடும் டிராயர் முகப்புகளும் அப்படியே இருக்கட்டும். உள்ளே இருக்கும் டிராயர் பெட்டிகளையும், அவை ஓடும் இரும்புத் தடங்களான சேனல்களையும் மட்டும் மாற்றினால் போதும். இப்போது இருப்பது சக்கரம் வைத்த பழைய வகை சேனலாக இருக்கும், அது முக்கால்தான் வெளியே வரும். பால் பேரிங் வைத்த முழுநீள டெலஸ்கோபிக் சேனல் வாங்குங்கள். 250, 300, 350, 400, 450 என்று 50 மி.மீ. இடைவெளியில் கிடைக்கும்.

கீழ் டிராயருக்கு 450. வெட்டு எதுவும் வேண்டாம், பின்னால் 30 மி.மீ. மிச்சம் இருக்கும்.

மேல் டிராயருக்கு 350. பின்னால் 130 மி.மீ. காலியாக நிற்கும், வால்வுகளில் இடிக்காது. பாட்டில் டிராப் மட்டும் டிராயருக்குள் 85 மி.மீ. வரும். அதற்காகப் பின்பக்கம் நடுவில் 150 அகலம், 125 ஆழத்துக்கு ஒரு வெட்டு விடுங்கள். டிராப்பைச் சுற்றி ஏறக்குறைய 40 மி.மீ. கிடைக்கும், கைவிட்டு அதைத் திறந்து சுத்தம் செய்ய அந்த இடம் வேண்டும். வெட்டின் மூன்று பக்கமும் சின்னப் பலகை வைத்து அடைத்துவிட்டால் பொருள் பின்னால் விழாது. தண்ணீர் வரும் வளையும் குழாய்கள் டிராயர் போகும் வழியில் தொங்கினால் அவற்றைப் பின்பலகையோடு கிளிப் போட்டு ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை மூடும்போதும் உரசி உரசித் தேயும்.

பெட்டியின் வெளி அகலத்தில் கவனம். இந்தச் சேனலுக்கு ஒரு பக்கம் 13 மி.மீ. வீதம் இடம் விட வேண்டும். 560-இல் 26 போனால் 534. ஒரு மி.மீ. கூடினாலும் இறுகும். ஒன்றிரண்டு குறைந்தால் பரவாயில்லை, சேனலுக்குப் பின்னால் வாஷர் கொடுத்துச் சமாளிக்கலாம்.

கோணிக்கொண்டு சிக்குவதற்குக் காரணம், அகலம் 534 இருக்கும் டிராயருக்கு ஆழம் வெறும் 250 இருப்பதுதான். அகலம் அதிகமாகி ஆழம் குறைந்தால் ஓரத்தில் பிடித்து இழுக்கும்போது ஒரு பக்கம் முந்தும். ஆழம் கூடும்போது இது தானாகவே பெருமளவு குறையும்.

உங்கள் பயத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. இந்தச் சேனல்களில் இரண்டு பக்கமும் ஒரு சின்னக் கருப்பு நாக்கு இருக்கும். டிராயரை முழுதாக இழுத்து, ஒரு பக்க நாக்கை மேலேயும் மறுபக்க நாக்கைக் கீழேயும் அழுத்தினால் டிராயர் அப்படியே கையோடு வந்துவிடும். திருகாணி கழற்ற வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.

அடிப்பலகைக்கு 3 மி.மீ. போடாதீர்கள், பாட்டில்களின் எடையில் தொய்யும். 6 மி.மீ. நீர் தாங்கும் பிளைவுட் போடுங்கள். பக்கங்களுக்கு 12 போதும்.

கேள்வி கேட்பவர்:

மிக்க நன்றி அண்ணா. இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. உப்பிய முகப்பை என்ன செய்வது? அது பார்ட்டிகிள் போர்டு போலத்தான் தெரிகிறது. காய வைத்தால் பழைய நிலைக்கு வருமா?

பதில் – தச்சு வேலை செய்பவர்:

வராது. பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்துகளை அழுத்தி ஒட்டியது. தண்ணீர் குடித்து உப்பினால் காய்ந்த பிறகும் அந்தப் பருமன் முழுதாக இறங்காது, உள்ளே ஒட்டும் விட்டிருக்கும்.

முகப்பைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். மேல்விளிம்பிலும் பக்கங்களிலும் பலகையின் வெட்டுமுனையை மூடும் மெல்லிய பட்டை ஒட்டியிருப்பார்கள், அடிவிளிம்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் வெறுமையாக இருக்கும். பேசினிலிருந்து வழியும் தண்ணீர் முகப்பின் மேல் இறங்கி, கடைசியில் நிற்பது அங்கேதான். தண்ணீர் சேரும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்துக்கெல்லாம் பட்டை ஒட்டுவது பெரிய குறை. இந்த ஒன்றை மட்டும் கடையிலேயே கையால் தடவிப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

உப்பியது விளிம்போடு நின்றிருந்தால், நன்றாகக் காய்ந்த பிறகு தேய்த்துச் சமமாக்கி, மரப்பசையை உள்ளே ஊறவிட்டு, கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பிறகு பட்டை ஒட்டலாம். இரண்டு விரல் உயரத்துக்கு மேல் ஏறியிருந்தால் நேரத்தை வீணாக்க வேண்டாம், அந்த ஒரு முகப்பை மட்டும் பிளைவுட்டில் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள்.

பதில் – பிளம்பிங் வேலை செய்பவர்:

ஒரு விஷயம் சேர்க்கிறேன். பின்பலகையில் பைப்புக்காக வெட்டிய ஓட்டைகளின் ஓரத்தையும் பாருங்கள். கேபினட் பொருத்த வருபவர்கள் அங்கேயே வெட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். வால்வில் வியர்க்கும் தண்ணீர் அதில்தான் இறங்கும். சிலிகான் தடவிவிடுங்கள். ஆனால் வால்வோடு சேர்த்து ஒட்டிவிடக் கூடாது, நாளைக்கு வால்வை மாற்ற வேண்டியிருக்கும்.

கேபினட்டின் பக்கப்பலகைகள் நேராகத் தரையில் உட்கார்ந்திருக்கின்றனவா?

கேள்வி கேட்பவர்:

ஆமாம் அண்ணா, கால் எதுவும் இல்லை. ஒரு மூலையில் லேசாகக் கறுத்திருக்கிறது.

மேல் டிராயரை நீங்கள் சொன்ன அளவில் செய்துவிட்டோம். முழுதாக வெளியே வருகிறது, அம்மாவே இழுத்து எடுத்துக்கொள்கிறார்கள். நாக்கை அழுத்திக் கழற்றவும் பழகிவிட்டோம். முகப்பில் உப்பல் மேலே ஏறிவிட்டதால் அதைப் புதிதாகச் செய்யக் கொடுத்திருக்கிறோம். 450 சேனலையும் அவர்களிடமே கொடுத்துவிட்டேன்.

பதில் – தச்சு வேலை செய்பவர்:

கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. அம்மாவுக்கு வசதியானதுதான் முக்கியம்.

அந்த மூலையைத் தள்ளிப்போடாதீர்கள். பேசின் கேபினட் மேல் உட்கார்ந்திருந்தால் முதலில் அதை இறக்கிவிட்டுத்தான் கேபினட்டைத் தூக்க வேண்டும். கறுத்த பகுதியைச் சீவி எடுத்து, பக்கப்பலகைகளின் அடிவிளிம்புகளுக்கும் எபாக்ஸி (தண்ணீர் புகாமல் தடுக்கும் பசை) தடவிக் காயவிடுங்கள். பிறகு உயரம் ஏற்றி இறக்கும் பிளாஸ்டிக் கால்களை, பலகையின் முனையில் அல்லாமல் அடித்தட்டில் அகலமாகப் பதியும்படி திருகுங்கள். பேசின் உயரம் கூடிவிடக் கூடாது என்றால் குட்டைக் கால் போதும், தரையை விட்டுத் தூக்கியிருந்தால் சரி. பேசின் கீழே இருக்கும்போதே வேஸ்ட் பைப்பின் வாஷரையும் மாற்றச் சொல்லிவிடுங்கள்.