பாரிஸ்–நீஸ் மாதிரி ஒரு வாரச் சைக்கிள் பந்தயத்தில் ஃபேவரிட்டை எப்படிக் கணிப்பது?

பின்சக்கரம்:
காசு வைக்காத ஒரு கணிப்புப் போட்டிக்காகக் கேட்கிறேன். பந்தயம் தொடங்கும் முன்னாடி முதல் ஐந்து பேரை வரிசையாக எழுதணும். ஒவ்வொருத்தருக்கும் ஜெயிக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம்னும் போடணும். டூர் டி பிரான்ஸ் மாதிரி மூன்று வாரப் பந்தயம்னா யார் நல்லா மலை ஏறுவார்னு பார்த்தாலே பாதிக் கணிப்பு முடிஞ்சிடும். பாரிஸ்–நீஸில் அது எடுபடலை. 2024இலும் 2025இலும் மத்தேயோ ஜோர்கென்சன் ஜெயிச்சார். 2024 களத்தில் அவரைவிடப் பெரிய பேரான எவனபூலும் ரோக்லிச்சும் இருந்தாங்க, 2025இல் விங்ககோ இருந்தார். எட்டு நாள் பந்தயத்துக்கு எதை முதலில் பார்க்கணும்? எதுக்கு எவ்வளவு எடை கொடுக்கணும்?

ஏற்றக்கணக்கு:
பேர்களை ஓரமா வையுங்க, முதலில் பாதையை எடுங்க. எந்த நாளில் எத்தனை வினாடி வித்தியாசம் விழும்னு நாள்வாரியாக ஒரு தாளில் எழுதுங்க. ஆட்கள் பேர் அதுக்குப் பிறகுதான்.

மலை முடிவு உள்ள நாளுக்குக் கணக்கு எளிது. 7 சதவீதச் சரிவுக்கு மேல் போனால் வேகம் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட் என்பதைப் பொறுத்தே அமையும். அதனால் 1 சதவீதம் கூடுதல் திறன்னா நேரத்திலும் சுமார் 1 சதவீதம் மிச்சம். கோல் தெ லா குய்யோல் (கோல்னா மலைக்கணவாய்) 15.7 கி.மீ., சராசரி 7.1 சதவீதம். முன்வரிசை ஆட்களுக்கு அது சுமார் 40 நிமிட வேலை, அதாவது 1 சதவீதத்துக்கு 24 வினாடி. லா லோஜ் தே கார்ட் 6.7 கி.மீ., அதே 7.1 சதவீதம். அங்கே 17, 18 நிமிடம்தான் என்பதால் 1 சதவீதத்துக்குப் பத்து வினாடி. சரிவு 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் முன்னால் போகிறவரோட பின்சக்கரத்தில் ஒட்டிக்கொள்வது லாபமாகிடும், மலை வீரரோட அனுகூலம் பாதிக்கு மேல் கரைஞ்சிடும். புரொஃபைலில் (பாதையின் ஏற்ற இறக்கப் படத்தில்) சராசரிச் சரிவை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. கடைசி 3 கி.மீ. தட்டையா, செங்குத்தா என்பதைத் தனியா பாருங்க.

டைம் டிரையலில், அதாவது கடிகாரத்தை மட்டும் எதிர்த்து ஓட்டும் நாளில், கணக்கு வேற மாதிரி. சமதளத்தில் காற்றுத்தடைதான் எதிரி. வேகத்தை 1 சதவீதம் கூட்டச் சுமார் 3 சதவீதம் கூடுதல் வாட் வேணும். 13 கி.மீ. தூரத்தை 50 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் 936 வினாடி, 1 சதவீதம்னா 9 வினாடி. 2023 முதல் 2025 வரை பாரிஸ்–நீஸில் தனிநபர் டைம் டிரையலே வைக்கலை, அணியாகச் சேர்ந்து ஓட்டும் டீம் டைம் டிரையல்தான். 27 கி.மீ. தூரத்தை 55 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் சுமார் 1,770 வினாடி. நல்ல அணிக்கும் சுமார் அணிக்கும் 2 சதவீதம் இடைவெளி சாதாரணமா வரும். அதுவே 35 வினாடி.

ஒரு மாதிரி போட்டுக் காட்டுறேன். ‘அ’ எல்லாத்திலும் நல்லவர், வலுவான அணி, ஸ்பிரிண்டும் வரும். ‘ஆ’ மலையில் அவரைவிட 2 சதவீதம் மேல், ஆனால் அணி சுமார்.

டீம் டைம் டிரையலில் ‘அ’வுக்கு 35 வினாடி. போனஸில் ஒரு 12 வினாடி. மொத்தம் 47. ‘ஆ’வுக்கு 18 நிமிட ஏற்றத்தில் 20 வினாடி, 40 நிமிட ஏற்றத்தில் 48 வினாடி. மொத்தம் 68. ‘ஆ’ 21 வினாடியில் ஜெயிக்கிறார்.

இப்போ அந்த 40 நிமிட ஏற்றத்தைப் பனி கொட்டி ரத்து பண்ணிட்டாங்கன்னு வையுங்க. ‘அ’ 27 வினாடியில் ஜெயிக்கிறார். ஒரே பாதை, அதே ரெண்டு கால்கள், முடிவு மட்டும் தலைகீழ்.

இது வெறும் கற்பனை இல்லை. மார்ச் முதல் பாதியில் 1,500 மீட்டருக்கு மேலே பந்தயம் முடிக்கிறாங்க. 2016இல் மோன் புரூயி ஸ்டேஜ் (ஸ்டேஜ்னா ஒரு நாள் ஓட்டம்) பனியால் நடுவழியிலேயே நின்னுது. அந்த வருஷம் கெரைன்ட் தாமஸ் கொண்டடோரை வெறும் 4 வினாடியில் வென்றார். 2023இல் ஸ்டேஜ் 6 பலத்த காற்றால் ரத்து. 2024இல் ஓரோன் மலை முடிவை மாத்தி மடோன் துதெல்லுக்குக் கொண்டுபோனாங்க. 2025இல் ஓரோன் ஸ்டேஜையே வெட்டிச் சுருக்கினாங்க. ஆகவே பெரிய மலை நாளில் வரும் வினாடிகளை முழுசா எண்ணாதீங்க. நான் முக்கால் பங்குதான் எண்ணுவேன். பத்து நாளுக்கு முந்தைய முன்னறிவிப்பே மோசம்னா பாதி.

குறுக்குக்காற்று:
மேலே சொன்னது சரி. ஆனால் அந்தத் தாளில் முதல் மூன்று நாளுக்குப் பூஜ்யம்னு எழுதிடாதீங்க. கணிப்புகள் அதிகமாகச் சாகும் இடம் அதுதான்.

2017ஐ எடுத்துக்கோங்க. ரிச்சி போர்ட் குய்யோல் உச்சியில் ஸ்டேஜ் வென்றார், அன்று மலையில் அவருக்கு மேல் ஆள் இல்லை. ஆனால் ஸ்டேஜ் 2 குறுக்குக்காற்றிலேயே 14 நிமிடத்துக்கு மேல் இழந்திருந்தார். 2019இல் ஏகன் பெர்னால் ஒல்லியான கொலம்பிய மலை வீரர்தான், ஆனாலும் காற்று நாட்களில் முன்குழுவிலேயே இருந்தார். ஸ்கை அணியின் பெரிய உடம்புக்காரர்கள் அவரைச் சுமந்தாங்க. கடைசியில் கின்தானாவை 39 வினாடியில் வென்றார். 2022இல் யும்போ அணி இன்னொரு படி மேலே போனது. ஸ்டேஜ் 1இன் கடைசிச் சிறு ஏற்றத்தில் லாபோர்ட், ரோக்லிச், வான் ஆர்ட் மூன்று பேரும் மொத்தக் களத்தையும் உதறிட்டுப் போனாங்க. முதல் நாளிலேயே ரோக்லிச்சுக்கு 20 வினாடி அளவு கிடைச்சது. வாரக் கடைசியில் சைமன் யேட்ஸை அவர் வென்ற வித்தியாசம் 29 வினாடி.

காற்றை எப்படிப் பார்ப்பது: ஸ்டேஜின் ஜிபிஎக்ஸ் கோப்பை (பாதையின் வரைபடக் கோப்பு) இறக்கி, காற்று வரைபடத்தோடு ஒட்டிப் பாருங்க. கிளம்பும் நேரத்தோடு மணிக்கு 43 கி.மீ. சராசரி வைத்தால் எந்த ஊரை எத்தனை மணிக்குத் தாண்டுவாங்கன்னு வந்துடும். அந்த நேரக் காற்றைத்தான் பார்க்கணும், காலைக் காற்றை இல்லை. நிலையான காற்று மணிக்கு 30 கி.மீ.க்கு மேலே இருக்கணும். சாலையோடு 45 முதல் 90 பாகைக் கோணத்தில் அடிக்கணும். பக்கத்தில் மரமோ வீடோ இல்லாத திறந்த வயல் வேணும். பாரிஸுக்குத் தெற்கே போஸ் சமவெளி அப்படிப்பட்ட நிலம். வாரத்தின் பின்பாதியில் ரோன் பள்ளத்தாக்குப் பக்கம் மிஸ்ட்ரால் என்ற பலத்த வடகாற்று இருக்கு. 2025இல் பெர்-லெதாங் போன ஸ்டேஜ் 6 கிழிஞ்சது நினைவிருக்கும்.

நாள் முழுக்க ஒரே திசையில் குறுக்குக்காற்று அடிச்சால் எல்லாரும் தயாரா இருப்பாங்க, பெரிசா எதுவும் நடக்காது. பின்காற்றில் 60 கி.மீ. வேகத்தில் வந்து ஒரு ரவுண்டானாவில் சட்டுனு பக்கவாட்டுக்குத் திரும்பும் இடம்தான் கத்தி. அந்தத் திருப்பத்தைத் தேடிப் பிடிங்க. சாலை அகலத்தில் 12, 15 பேர் சாய்வா விசிறி மாதிரி நிற்க இடம் இருக்கும். பதினாறாவது ஆள் சாலையோரப் புல்லில் ஓட்டுவார்.

அதுக்கப்புறம் ஸ்டார்ட் லிஸ்டைப் பாருங்க. ஒரு அணிக்கு 7 பேர்தான். அதில் 75 கிலோவுக்கு மேலே, வடக்கு கிளாசிக் எனும் ஒரு நாள் பந்தயங்கள் ஓட்டிய ஆட்கள் எத்தனை பேர்? மூன்று பேர் இருந்தால் தலைவர் பத்திரம். ஒருத்தர்தான்னா தாளில் தலைவர் பேருக்கு நேரே 20 வினாடி கழிச்சுடுங்க.

பின்சக்கரம்:
ரெண்டு பேருக்கும் நன்றி. காற்று விஷயத்தை நான் நினைச்சே பார்க்கலை. ஏற்றக்கணக்கு அண்ணா, அந்த 12 வினாடி போனஸ் எப்படி வந்தது? அப்புறம் டீம் டைம் டிரையலில் நேரம் நாலாவது ஆளுக்குத்தானே எடுப்பாங்க? அணி சுமார்னா தலைவருக்கு அவ்வளவு அடி விழுமா?

ஏற்றக்கணக்கு:
நாலாவது ஆள் கணக்கு பழைய முறை. 2023 முதல் பாரிஸ்–நீஸில் கோட்டை முதலில் தொடுகிறவரோட நேரம்தான் அணியின் நேரம். ஜி.சி.யில் (மொத்த நேரப் பட்டியலில்) அவரவருக்கு அவரவர் நேரம். அதனால் உதவியாளர்கள் ஒவ்வொருத்தரா உயிரைக் கொடுத்து இழுத்துட்டு விலகுவாங்க, தலைவர் கடைசியில் தனியாவோ இன்னொருத்தரோடவோ ஓடி முடிப்பார். தலைவர் தானே நல்ல டைம் டிரையல்காரர்னா, சுமாரான அணியோட சேதத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம். அவரும் சுமார்னா கடைசி 3 கி.மீ. மேடு வைத்திருக்காங்களான்னு பாருங்க. மேடு இருந்தால் சின்ன உடம்புக்காரர் கொஞ்சம் மீட்பார். ஒரே அணியில் ரெண்டு தலைவர்கள் இருந்து சேர்ந்தே முடிச்சால் ரெண்டு பேருக்கும் அதே 35 வினாடி கிடைக்கும், இதை மறந்துடாதீங்க.

போனஸ்: ஸ்டேஜ் முடிவில் முதல் மூன்று பேருக்கு மொத்த நேரத்திலிருந்து 10, 6, 4 வினாடி கழிப்பாங்க. ரெண்டு தடவை இரண்டாம் இடம் வந்தாலே அந்த 12. இடைநிலை ஸ்பிரிண்டுகளுக்குத் தனி. அது பந்தயத்துக்குப் பந்தயம் மாறும், கையேட்டில் பார்த்துக்கோங்க. 2023இல் பொகாச்சர் மூன்று ஸ்டேஜ் ஜெயிச்சார், அதிலேயே 30 வினாடி அவர் கணக்கில் விழுந்தது. தவீத் கோடுவை வென்ற மொத்த வித்தியாசம் 53 வினாடி. 2016, 2017, 2018 மூன்று வருஷமும் வித்தியாசம் 4, 2, 4 வினாடிதான். ஒரே ஒரு மூன்றாம் இடம் போதும், வரிசை மாறிடும். ஆகவே 20 பேர் குழுவாக முடிவுக்கு வந்தால் யார் வேகமாக் கிளப்புவார் என்பது மலை வீரரைக் கணிக்கும்போதும் முக்கியம். ஷான் கெல்லி 1982 முதல் 1988 வரை தொடர்ந்து 7 தடவை ஜெயிச்சதை இங்கே நினைச்சுக்கோங்க. மிலான்–சான் ரேமோ, பாரிஸ்–ரூபே என்ற ஒரு நாள் பந்தயங்களையும் ஜெயிச்ச கால்கள் அவை. ஜோர்கென்சனும் அந்த வழிதான். 2024 பாரிஸ்–நீஸ் முடிச்ச அதே மாதம் துவார்ஸ் டோர் ஃப்ளாண்டரனையும் வென்றார்.

கடைசிக்கிலோமீட்டர்:
ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். எல்லாத் திறமையும் உள்ளவர்தான் ஜெயிப்பார் என்பதை விதியாக்கிவிட வேண்டாம். கொண்டடோர் 2007இலும் 2010இலும் வென்றிருக்கிறார். பெர்னாலை மேலேயே சொல்லிவிட்டார்கள். டைம் டிரையல் இல்லாமல், மூன்று மலை முடிவுகளோடு பாதை வந்தால் மலை வீரருக்கே முதலிடம் கொடுங்கள்.

கடைசி நாளைப் பற்றி யாரும் பேசவில்லை. நீஸைச் சுற்றி 110, 120 கி.மீ. தூரம்தான். ஏற்ற இறக்கம் ஓயாது, கோல் தேஸ், காத்ர் ஷெமேன் பக்கத்து வளைவுகள், ஈரமான இறக்கம். உதவியாளர்கள் எல்லாம் உதிர்ந்துபோன நேரம் அது. மஞ்சள் ஜெர்சிக்காரர் தனியாக நின்று ஒவ்வொரு தாக்குதலுக்கும் பதில் சொல்ல வேண்டும். 2018இல் மார்க் சொலேர் அன்று முன்னால் போய் யேட்ஸிடமிருந்து பந்தயத்தைப் பறித்தார். 2021இல் ரோக்லிச் 52 வினாடி முன்னிலையோடு கிளம்பி, இரண்டு முறை விழுந்து, ஷாக்மானிடம் இழந்தார். 2024இல் மெக்னல்டி 4 வினாடி முன்னிலையோடு கிளம்பினார். எவனபூலோடு ஒட்டிக்கொண்டு போன ஜோர்கென்சன் 30 வினாடியில் பட்டத்தை எடுத்தார். அதனால் இறக்கத்தில் தயங்குகிறவர், மழையில் பிரேக்கை அழுத்துகிறவர் என்று பெயர் எடுத்தவருக்கு வாய்ப்பைக் குறையுங்கள்.

அடுத்தது சதவீதம். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஒரு வாரப் பந்தயத்தில் 45க்கு மேல் போடாதீர்கள். ஆனைக்கும் அடி சறுக்கும். 2025இல் விங்ககோ விழுந்து விலகியதும் அதே அணியின் ஜோர்கென்சன் பந்தயத்தை எடுத்தார். இரட்டைத் தலைமை உள்ள அணியில் இரண்டாமவருக்கு மக்கள் எப்போதும் குறைவாகவே போடுகிறார்கள். முதல்வருக்கு 40 போட்டால் இரண்டாமவருக்கு 12, 15 போடலாம்.

பந்தய நிறுவனங்களின் விகிதத்தைச் சரிபார்ப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள். 1ஐ விகிதத்தால் வகுத்தால் சதவீதம் வரும்: 2.0 என்றால் 50, 4.0 என்றால் 25, 5.0 என்றால் 20, 10 என்றால் 10. மற்ற எல்லாரும் சேர்ந்து 15 என்று வைத்தால் கூட்டுத்தொகை 120. அந்தக் கூடுதல் 20 அவர்களுடைய லாபம். எல்லாவற்றையும் 1.2ஆல் வகுத்தால் முதல்வர் 42க்கு இறங்குவார். பலர் இந்த வகுத்தலை மறந்து 50 என்றே எழுதிவிடுகிறார்கள்.

குறுக்குக்காற்று:
ஃபார்ம் பற்றியும் ரெண்டு வரி. பிப்ரவரியில் யூஏஇ டூர், அல்கார்வே, அண்டலூசியா முடிவுகளைப் பாருங்க. ஆனால் இடத்தைப் பார்க்காதீங்க, யாரிடம் எத்தனை வினாடி இழந்தார்னு பாருங்க. பொகாச்சரிடம் 20 வினாடி இழந்த மூன்றாம் இடம், பலவீனமான களத்தில் வாங்கிய முதல் இடத்தைவிடப் பெரிசு. தெய்தே மலைப் பயிற்சியிலிருந்து நேரா வந்து பந்தயமே ஓட்டாமல் தொடங்குகிறவருக்கு முதல் ரெண்டு நாள் கூட்டத்துக்குள் இடம் பிடிப்பதே சிரமம், அவை காற்று நாட்களா இருந்தால் ஆபத்து. அதே வாரத்தில் டிரெனோ–அட்ரியாட்டிகோவும் நடப்பதால் அணிகள் ஆட்களைப் பிரிச்சு அனுப்பும். நல்ல உதவியாளர்கள் எந்தப் பக்கம் போறாங்கன்னு பாருங்க, அணி எதை முக்கியமா நினைக்குதுன்னு அதிலேயே தெரியும்.

பட்டியலைச் சனிக்கிழமை இரவு வரை பூட்டாதீங்க. பந்தயம் ஞாயிறு தொடங்குது, அந்தப் பருவத்தில் சளி காய்ச்சலால் கடைசி ரெண்டு நாளில் பேர் மாறுவது சகஜம். ஸ்டேஜ் 1, 2க்கான காற்று முன்னறிவிப்பும் அப்போதான் நம்பும்படி இருக்கும்.